அக்காவுக்கு ஒரு பிடி வல்லாரை

போன ஞாயிற்றுக்கிழமை என் சொந்த அக்காவுக்கு விஷம் கொடுக்கப் பார்த்தேன்.

பதறாதீர்கள். அக்கா சுகமாக இருக்கிறாள். இதை எழுத உட்காரும் முன்புகூட ஃபோன் பண்ணிக் கேட்டுவிட்டேன். காலையில் இரண்டு ரொட்டி, கட்டச்சம்பல், ஒரு கோப்பைத் தேத்தண்ணி. எல்லாம் ஒழுங்காக உள்ளே போயிருக்கிறது.

விஷம் என்றால் போத்தலில் மண்டையோட்டுப் படம் போட்ட விஷம் கிடையாது. பச்சைப் பசேல் என்று, தளதளவென்று, பார்த்தாலே ஆரோக்கியம் சொட்டுகிற விஷம். அதைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் சேர்த்து, தேசிக்காய் பிழிந்து, பாசத்தோடு ஊட்டிவிட இருந்தேன். இதில் ரொம்ப ஆபத்தான சேர்மானம் எது தெரியுமா? அந்தப் பாசம்தான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். என்மேல் நீங்கள் வைத்திருக்கும் மதிப்பை இந்த ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுப் படியுங்கள்.

அக்கா பெயர் பாக்கியம். வயது எழுபத்திரண்டு. எனக்குப் பத்து வயது மூத்தவள். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், மருமகள் ரேவதியோடு இருக்கிறாள். மகனுக்குக் கொழும்பில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். ரேவதிக்குத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழந்தைகளோடு மாமியாரையும் சேர்த்து அங்கே கூட்டிப்போய்விடுவாள். அக்கா தொட்டில் ஆட்டிக்கொண்டிருப்பாள். சம்பளம் வாங்காத ஆயா.

அக்காவுக்கு டிமென்ஷியா. மறதி நோய். வீட்டில் ஒவ்வொரு லைட்டாக அணைத்துக்கொண்டு வருகிற மாதிரி, மூளைக்குள் ஒவ்வொன்றாக இருட்டிக்கொண்டு வருகிற வியாதி. இரண்டு வருடத்துக்கு முன்னால் தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டாள். சிரித்தோம். போன வருடம், செத்துப் பல வருடமான அத்தானை இன்னும் காணோமே என்று வாசலிலேயே நின்றாள். அன்றோடு சிரிப்பு நின்றது. இந்தத் தைப்பொங்கலுக்கு நான் போனபோது என்னைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்க நர்ஸம்மா, உக்காருங்க" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக, எந்த விண்ணப்பமும் போடாமலே பதவி மேல் பதவி வகித்து வருகிறேன். ஒரு வாரம் நர்ஸம்மா. அடுத்த வாரம் பெரிய கிளாக்கர் வீட்டு அம்மா. ஒருநாள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனது தப்பாகப் போயிற்று.

"ஓட்டுக் கேட்டு வந்தீங்களா? மொதல்ல இந்த லயத்துக் கூரைய மாத்திக் குடுங்க. போன தடவையும் இதத்தான சொன்னீங்க?"

வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பெற்ற மகன் பெயர் தடுமாறுகிறது, கூரை மட்டும் மறக்கவில்லை! டிமென்ஷியா இல்லாத நமக்கெல்லாம் தேர்தலுக்குத் தேர்தல் அது சுத்தமாக மறந்துபோகிறதே, அதற்கு என்ன பெயர்?

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அன்று பதுளைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்கா பதினைந்து வயதில் கொழுந்துக் கூடையை மாட்டினாள். அதே வருடம் நான் பள்ளிக்கூடப் பையை மாட்டினேன். அவள் கூடை நிறைந்ததால்தான் என் பை நிறைந்தது. தபால் கந்தோர் உத்தியோகமும், இந்தப் பேனாவும், உங்கள் முன்னால் வாரா வாரம் அளக்கிற இந்த வாயும் அந்தக் கூடையிலிருந்து வந்தவை. அவள் என்னைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்றால் நான் யாரென்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

எனக்கு ஒரே ஓர் ஆசை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அக்கா என்னை அடையாளம் கண்டு சொல்லிவிட வேண்டும். அதற்காக எந்தச் செடியைப் பிடுங்கவும் நான் தயாராக இருந்தேன்.

இந்த நிலைமையில்தான், புத்தி கெட்டுப்போய், இதே பத்தியில் அக்காவின் மறதியைப் பற்றி நாலு வரி எழுதினேன்.

அன்பான வாசகர்களே... உங்களுக்குள் இத்தனை வைத்தியர்கள் ஒளிந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள் நான். என் பெயருக்கு இத்தனை தபால் வந்து பார்த்ததில்லை.

தெமோதரையிலிருந்து ஓர் அம்மா வால்நட் கொடுக்கச் சொன்னார். உடைத்துப் பார்த்தால் அச்சு அசல் மூளை மாதிரியே இருக்கிறதாம். ஆண்டவன் காரணமில்லாமல் படைப்பானா என்று கேட்டிருந்தார். அப்படிப் பார்த்தால் கோலிஃபிளவர்தானே இன்னும் பெரிய மூளை? பெரகலச் சந்தியில் கடை வைத்திருக்கும் ஒருவர் மஞ்சளில் மிளகைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி, இரண்டும் தன் கடையில் நல்ல சரக்காக இருப்பதையும் தெரிவித்திருந்தார். ஹாலிஎலவிலிருந்து ஒரு தம்பி வீடியோ அனுப்பினார். அதில் ஒரு வெள்ளைக்காரர் முருங்கைக் கீரையைக் கையில் பிடித்துக்கொண்டு, தான்தான் அதைக் கண்டுபிடித்த மாதிரிக் கண்கலங்குகிறார். நம் வீட்டுக் கோழியெல்லாம் அதைத் தின்றுதானே வளர்ந்தது?

எல்லாவற்றுக்கும் மேலே, அப்புத்தளையிலிருந்து ஓர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் எழுதிய கடிதம். நாலு பக்கம். முத்து முத்தான கையெழுத்து. தினமும் வெறும் வயிற்றில் வல்லாரை சாப்பிடுகிறாராம். எண்பது வயதிலும் ஞாபகசக்தி கத்தி மாதிரி இருக்கிறதாம். படித்ததும் மனம் குளிர்ந்துபோனது.

மூன்றாம் நாள் அதே கடிதம் மறுபடி வந்தது. அடுத்த வாரம் இன்னொரு தடவை.

நாலு பக்கமும் அப்படியே. மூன்றாவது கடிதத்தின் கடைசியில் மட்டும் ஒரு வரி கூட இருந்தது. சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிற வல்லாரையில் சத்து இல்லை, மலையில் தானாக முளைத்ததற்குத்தான் வீரியம் என்று. அவருடைய கத்தியை நினைத்து நன்றாகச் சிரித்தேன். ஆனால் அந்தக் கடைசி வரி என் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆசைக்குக் கண் கிடையாது பாருங்கள்.

கடிதம் எழுதியவர்களாவது தூரத்தில் இருந்தார்கள். நேரிலேயே வந்து இறங்கினான் யோகராஜா. எங்கள் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. முதலில் இன்சூரன்ஸ் விற்றான். பிறகு காணி. பிறகு தண்ணீர் வடிகட்டும் மெஷின். இப்போது 'வெல்னஸ் ஆலோசகர்'. பதுளை மதிய வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்து, வேர்க்க விறுவிறுக்க என் எதிரில் உட்கார்ந்து ஒரு போத்தலை மேசையில் வைத்தான்.

"இது மருந்தே கெடயாதுக்கா. பிளாண்ட் பேஸ்ட். முழுக்கச் செடி. சைட் எஃபெக்ட் சுத்தமா இல்ல."

"எந்தச் செடிடா?"

"மஞ்சள் இருக்கு, வல்லாரை இருக்கு. ஆனா மெயினு கிரீன் டீக்கா. தேயிலை."

நான் அவனையே பார்த்தேன். தேயிலை! இந்த மலையிலிருந்து சாக்கில் இறங்கிப்போன கொழுந்து, கப்பல் ஏறி, வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கி, கப்சூலுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு, பறித்தவளிடமே விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

"டேய், பாக்கியக்கா முப்பத்தெட்டு வருசம் தேயிலைக்குள்ளயே நின்னவ. தேயிலை ஞாபகத்தைக் காப்பாத்தும்னா, அவளுக்கு ஒவ்வொரு செடியோட சாதகமும் இல்ல ஞாபகம் இருக்கணும்?"

"நின்னாப் போதாதுக்கா. குடிச்சிருக்கணும்."

"தெனம் நாலு கோப்பை குடிச்சாளே?"

"அது நமக்குக் குடுக்கிற தூளு. நல்லதெல்லாம் வெளிநாட்டுக்குப் போயிடும்ல."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் துளி வருத்தம் இல்லை. போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கிற மாதிரிச் சொன்னான். அன்று அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான், அதையும் விற்பனைக்காகத்தான் சொன்னான்.

கூடவே ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தான். கர்க்குமின், கெட்டச்சின், குவர்செட்டின், பொலிஃபினோல்... எனக்கு அந்தக் காலத்துத் தோட்டத்துத் துரைமார் பெயர்களைப் படிக்கிற மாதிரி இருந்தது. கெட்டச்சின் துரை சீமைக்குப் போய்விட்டார், கர்க்குமின் துரை வந்திருக்கிறார், எல்லாரும் சலாம் போடுங்கள் என்றால் போட்டுவிடுவோம். பெயர் வாயில் நுழையவில்லை என்றாலே நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறதே, ஏன்? மஞ்சள் என்றால் குழம்புக்கு. கர்க்குமின் என்றால் கும்பிடுக்கு.

இவ்வளவு வாய் பேசிவிட்டுப் போத்தலை வாங்கினேனா இல்லையா? வாங்கினேன். ஆசை வெட்கம் அறியாது.

நல்ல வேளை, ரேவதிக்கு என்னைவிட நிதானம் உண்டு. போத்தலை வாங்கிப் பார்த்தவள், "எதுக்கும் கிளினிக்குல ஒரு வார்த்த கேட்டுக்குவோம் சின்னத்தை" என்றாள். மாதா மாதம் அக்காவைப் பதுளைக்குக் கிளினிக் கூட்டிவருகிறவள் அவள்தான். அந்த முறை நானும் போனேன். கையில் ஒரு பெரிய பை.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயது. பையிலிருந்து வால்நட், மஞ்சள்-மிளகுப் பொட்டலம், முருங்கைப் பொடி, யோகராஜாவின் போத்தல் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தேன். டொக்டரின் மேசை பதுளைச் சந்தை மாதிரி ஆகிவிட்டது.

"இதெல்லாம் ஆர் அம்மா சொன்னவை?"

"என்னுடைய வாசகர்கள்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து. டொக்டர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பத்தி படிக்கிற பழக்கம் இல்லை போலிருக்கிறது.

"வல்லாரை நல்ல கீரைதான். மஞ்சளும் நல்லது, தேயிலையும் நல்லது. சாப்பாட்டோட சேருங்கோ. ஆனா கீரையைக் கீரையாக் குடுங்கோ, மருந்தாக் குடுக்காதேங்கோ. இதுக்குள்ள இருக்கிற சில பொருள்கள் மூளைக்கு உதவுமோ எண்டு கனபேர் ஆராய்ஞ்சு கொண்டிருக்கினம். எலியளில கொஞ்சம் நம்பிக்கை தெரியுது. மனுசரில உறுதியாச் சொல்ல இன்னும் ஒண்டும் இல்லை."

"எலிக்கு வேல செய்யிதுங்களா டொக்டர்?" என்று கேட்டாள் ரேவதி.

"ஓம், கொஞ்சம்."

"அதாங்க, எங்க லயத்து எலிக்கு சோத்துப் பானை இருக்கிற எடம் மறக்கவே மாட்டேங்குது."

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு போத்தலைக் கையில் எடுத்ததும் சிரிப்புப் போய்விட்டது.

"எனக்கு இதுதான் பயம். உங்கட அக்கா இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை போடுறா. இப்பிடிச் செறிவாக்கின மஞ்சள் அதோட சேர்ந்தா உள்ளுக்க ரத்தம் கசியக்கூடும். செடியில இருந்து வந்தது எண்டாப்போல எல்லாம் பாதுகாப்பு எண்டில்லை அம்மா. விஷ அலரியும் செடிதானே?"

அக்கா இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி, பக்கத்து நாற்காலியில் அழுத ஒரு குழந்தைக்குக் கையாட்டி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மூன்று மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"போன ஞாபகம் திரும்பி வராதா டொக்டர்? என்னை மட்டுமாவது?"

அவர் போத்தலைக் கீழே வைத்தார். "வரும் எண்டு பொய் சொல்ல மாட்டன் அம்மா. குளிசை ஓரளவுக்கு உதவும். நல்லாச் சாப்பிடட்டும், நடக்கட்டும், நித்திரை கொள்ளட்டும். தெரிஞ்ச வேலையைச் செய்ய விடுங்கோ. நீங்களும் அடிக்கடி போய்ப் பக்கத்தில இருங்கோ."

போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அவ்வளவுதானா? இதற்கு லேபிள் கிடையாது, துண்டுப் பிரசுரம் கிடையாது, வெள்ளைக்காரர் வந்து கண்கலங்கும் வீடியோ கிடையாது. எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன். நாம் எல்லாரும் எதையாவது வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற ஆட்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒருத்திக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

போத்தலை ரேவதி குப்பையில் போட்டாள். டொக்டர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் கிளினிக் வாசலிலேயே போட்டுவிட்டேன். என் காதில் தங்கியது ஒன்றே ஒன்று: 'வல்லாரை நல்ல கீரைதான்.'

கீரையாகத்தானே கொடுக்கப் போகிறேன்? கொஞ்சம் வீரியமான கீரை. அவ்வளவுதானே?

இப்படியாகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. பஸ்ஸிலிருந்து வழக்கமான இடத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். தேயிலை மலைகளுக்குத் தோட்டத்தில் நம்பர்தான் பெயர். ஐந்தாம் நம்பர் மலையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான் ஓரத்தில் வல்லாரை மண்டிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்தவள் இல்லையா? எனக்கு யார் வழி காட்ட வேண்டும்?

ஞாயிறு என்பதால் மலையில் ஒரு ஆளும் இல்லை. மலை முகப்பில் ஒரு குச்சி நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பார்த்தேன். மே தினம் வருகிறது, தொழிற்சங்கக் கொடி போலும் என்று நினைத்துக்கொண்டேன். 'இந்தத் தடவை முன்கூட்டியே தொடங்கிவிட்டார்கள், சம்பளப் பேச்சுவார்த்தையும் இப்படி வேகமாக நடந்தால் நன்றாக இருக்கும்' என்று பத்திக்கு ஒரு வரிகூட மனதில் எழுதிவிட்டேன். பத்தி எழுதுகிறவளுக்குத் துணியைக் கண்டாலும் அரசியல்தான் தோன்றுகிறது.

கானுக்குள் இறங்கினேன். வல்லாரை பெரிய பெரிய இலையாக இருந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் வலியையும் மறந்து, ஒரு பை நிறையப் பறித்தேன்.

வீட்டு வாசலில் ரேவதி நின்றாள். "என்னா சின்னத்தை, பையி இம்புட்டு கனம்?"

"சுத்தமான ஓர்கானிக்" என்றேன்.

"அப்புடின்னா?"

"மருந்து கிருந்து படாதது. இயற்கையா மொளச்சது. நீ ஓடிப்போய்க் கடையில ஒரு தேங்கா வாங்கிட்டு வா. இன்னைக்குச் சமையல் நான்தான்."

எங்கே பறித்தேன் என்று சொல்லவில்லை. ரகசியம் வைத்தால்தானே அதிசயம் நடந்த பிறகு பெருமை? அவள் போனதும் அக்காவிடம் வந்தேன். வாசல் ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று எந்தப் பதவியும் கிடைக்கவில்லை. "வாங்க" என்றாள், அவ்வளவுதான்.

தெரிந்த வேலையைச் செய்ய விடச் சொன்னாரே டொக்டர்? வல்லாரையைச் சுளகில் கொட்டி அவள் மடிக்கு முன்னால் வைத்தேன். ஆய்ந்து தரச் சொன்னேன். பிறகு, பிள்ளைக்குச் சோறூட்டுகிறவர்கள் முதலில் தாங்கள் ஒரு வாய் வைத்துக் காட்டுவார்களே, அந்த மாதிரி நல்ல இலையாக ஒன்றை எடுத்தேன்.

"பாருக்கா, இத இப்புடிப் பச்சையாவே மென்னு தின்னணும். எல்லாம் ஞாபகத்துக்கு வரும்."

இலை என் உதட்டைத் தொடவில்லை. படாரென்று கையில் ஒரு அடி.

சாதாரண அடியில்லை. முப்பத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளிய கை. இலை எங்கோ போய் விழுந்தது. அக்கா சுளகிலிருந்து ஒரு இலையை எடுத்தாள். திருப்பினாள். பெருவிரலால் ஓரத்தைத் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோனாள். அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. தடுமாற்றமே இல்லாத முகம்.

"எங்க புடுங்கின இத?"

"அஞ்சாம் நம்பர் மலையில... கான் ஓரத்துல."

"கண்ணு தெரியுமா ஒனக்கு? ஓரத்தப் பாரு. வெளுத்து வருது. புல்லுக்கு மருந்தடிச்ச மலை இது. இன்னும் ரெண்டு நாளையில கானே மஞ்சளாப் போயிரும். இதப்போயி பச்சையாத் திங்கிறேங்கிற!"

சுளகோடு தூக்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள். அடி பட்ட கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

"யாரு வூட்டுப் புள்ளம்மா நீ? மருந்தடிச்ச கான்ல கீரை புடுங்கக் கூடாதுன்னு சொல்லித்தர ஒனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லியா?"

"இருக்காங்க" என்றேன். "அக்கா ஒருத்தி."

"அவ சொல்லலியா?"

"சொன்னா. இப்பத்தான் சொன்னா."

"அப்ப அவ சொல்றதக் கேளு" என்று எழுந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டுகிற இடம். சவர்க்காரத்தை எடுத்து, மருந்தடிக்கிற ஆட்கள் கழுவுகிற மாதிரி, முழங்கை வரைக்கும் தேய்த்தாள். விரல் இடுக்கு, நகக்கண், ஒன்றையும் விடவில்லை. இரண்டு தடவை. நான் சும்மா நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லைதான். ஆனால் அந்தக் கை என் கையை எப்படிப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணில் வந்ததைப் பீலித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன்.

தேங்காயோடு வந்த ரேவதி வாசலில் சிதறிக் கிடந்த இலையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ சின்னத்தை, அஞ்சாம் நம்பர்லயா புடுங்குனீங்க? வியாழக்கிழமதான மருந்தடிச்சாங்க! பெரட்டுல அம்புட்டுப் பேருக்கும் சொன்னாங்களே! செவப்புத் துணி கட்டியிருக்கே, பாக்கலியா?"

காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் சொல்லிவிட்டால், லயத்தில் தொட்டில் பிள்ளைக்குக்கூடச் செய்தி தெரிந்துவிடும். தெரியாமல் இருந்தது, பெரட்டுக்கு வெளியே போய் உத்தியோகம் பார்த்துத் திரும்பி வந்த எனக்கு மட்டும்தான். துணியைப் பார்த்தேன், மே தினம் என்று நினைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா தன் சேலைத் தலைப்பால் என் கையைத் துடைத்துவிட்டாள். பிறகு ரேவதியைப் பார்த்துச் சொன்னாள்:

"அத ஏன் ஏசுற? ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடு. பாவம், வெவரம் தெரியாத புள்ள."

அறுபத்திரண்டு வயது எனக்கு. முப்பது வருட அரசாங்க உத்தியோகம். வாரா வாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் பத்தி.

மூன்று மாதமாக அக்கா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று அழுதேனே... கண்டுகொண்டுவிட்டாள்!